டீசல் பிக்கப்புக்கு டர்போ தேர்வு செய்வது எப்படி?

நீண்ட ஏற்றம், மூன்றாம் கியர், பின்னால் ஒன்றரை டன் டிரெய்லர். ஆர்.பி.எம். மீட்டர் 1700-ல் நிற்கிறது. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தும் வண்டி எழும்பவில்லை. டர்போ அமுக்கித் தள்ளுகிற காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் முள் அரை பாரைத் தாண்ட மறுக்கிறது. புகைச் சூட்டைக் காட்டும் முள்ளோ 700 டிகிரியைக் கடந்து 750-ஐத் தொடுகிறது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருகிற வண்டி தெரியாத அளவுக்குக் கரும்புகை.

என் பிக்கப்புக்கு முதன்முதலாக டர்போ மாற்றிய பிறகு வந்த முதல் ஏற்றம் அது. கம்பெனி டர்போ இருந்தபோது அதே லோடோடு அதே ஏற்றத்தை நான்காம் கியரில் ஏறியிருக்கிறேன். புது டர்போவில் பழுது ஒன்றும் இல்லை. 3500 ஆர்.பி.எம்.மில் அருமையாக ஊதியது. ஆனால் லோடு வண்டி நாள் முழுக்க ஓடுவது 1500-க்கும் 2500-க்கும் நடுவில். அந்த இடத்தில் அந்தப் பெரிய டர்போவைச் சுற்ற வைக்கும் அளவுக்குப் புகையே வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அதைக் கழற்றிவிட்டு, ஒரு சைஸ் சின்னதாகப் போட்டேன். இப்போது புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் முதலில் சொல்வது ஒன்றுதான்: எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று பிறகு யோசிக்கலாம், எந்த ஆர்.பி.எம்.மில் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

ஒரு வாரம் வண்டியை வழக்கம்போல ஓட்டிப் பாருங்கள். லோடு எவ்வளவு, டிரெய்லர் உண்டா, ஏற்றத்தில் எந்த கியர், அப்போது எத்தனை ஆர்.பி.எம்., சமவெளியில் சீராக ஓடும்போது எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்தில் ஓட்டுகிறீர்களா, மலையிலா என்பதையும் எழுதுங்கள். மலை ஏன் முக்கியம் என்பது கணக்குக்கு வரும்போது புரியும்.

இதைச் செய்யாமல் நேராகக் கடைக்குப் போனால், விற்கிறவர் சொல்கிற பெரிய எண்ணைத்தான் வாங்கி வருவோம். நான் வாங்கியதும் அப்படித்தான்.

டீசல் எஞ்சின் எப்படி பவர் கூட்டுகிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் உள்ளே போகிற காற்றை அடைத்தும் திறந்தும் பவரைக் கட்டுப்படுத்துகிறோம். டீசலில் காற்று எப்போதும் முழுதாகவே போகிறது. எவ்வளவு டீசல் தெளிக்கிறோமோ அவ்வளவு பவர். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய சுமார் 14.5 கிலோ காற்று போதும் என்று வேதியியல் சொல்கிறது. ஆனால் சிலிண்டருக்குள் டீசலும் காற்றும் அவ்வளவு நன்றாகக் கலப்பதில்லை. காற்று 18 கிலோவுக்குக் கீழே இறங்கினாலே புகை தெரிய ஆரம்பிக்கும், சூடும் ஏறும். லோடு இழுக்கிற வண்டிக்கு 20 முதல் 22 கிலோ என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஆக, டீசலைக் கூட்டுவது சுலபம், அதற்குரிய காற்றைக் கொடுப்பதுதான் கடினம். அந்த வேலைக்குத்தான் டர்போ. வீணாக வெளியே போகிற புகையின் சக்தியைக் கொண்டே காற்றை அமுக்கி உள்ளே தள்ளலாம் என்ற யோசனைக்கு ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி காப்புரிமை பெற்றது 1905-ல். அடிப்படை அன்றிலிருந்து மாறவில்லை: ஒரு தண்டு, அதன் ஒரு முனையில் புகை சுற்றுகிற டர்பைன் சக்கரம், மறு முனையில் காற்றை அமுக்குகிற கம்ப்ரஸர் சக்கரம். பிக்கப் வண்டிகளின் சின்ன டர்போக்கள் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன் என்பதற்கு இதுவே காரணம்.

எஞ்சின் தாங்குமா என்று பாருங்கள்

வண்டியை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதையே தலைகீழாக வாயின் மேல் வையுங்கள். மெல்ல நடுங்கினால் பரவாயில்லை. படபடவென்று துள்ளி விழுந்தால், பிஸ்டன் ரிங்கைத் தாண்டி அழுத்தம் கீழே இறங்குகிறது. மெக்கானிக்குகள் இதை ப்ளோ-பை என்பார்கள். அப்படிப்பட்ட எஞ்சினில் பூஸ்டைக் கூட்டுவது, ஓட்டை வாளியில் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். ஆயிலையும் சேர்த்துத் தள்ளும்.

மூடிச் சோதனை ஒரு குறிப்பு மட்டும்தான். உறுதியாகத் தெரிய கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். எத்தனை பார் வர வேண்டும் என்பது அந்த எஞ்சினின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அடுத்தது இன்ஜெக்டர் ரிட்டர்ன். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரேல் எஞ்சின் என்றால் ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, அளவு போட்ட ஒரே மாதிரி சின்ன பாட்டிலில் விட்டு, சில நிமிடம் ஓடவிடுங்கள். நாலில் ஒன்று மட்டும் மற்றதைவிட வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு, டீசலையும் பூஸ்டையும் கூட்டி ட்யூன் செய்தால் ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகச் சூடாகும்.

ரேடியேட்டரின் முன்பக்கத்தையும் பாருங்கள். சேறும் பூச்சியும் அடைத்திருந்தால் பவர் கூட்டுவதற்கு முன் அதைக் கழுவ வேண்டும். ஃபேன் கிளட்ச் சூட்டில் சரியாகப் பிடிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மீட்டர் போடாமல் ஒரு நட்டைக்கூடத் தொடாதீர்கள்

இரண்டு மீட்டர் கட்டாயம்: பூஸ்ட், புகைச் சூடு. இரண்டாவதை ஈ.ஜி.டி. என்பார்கள். டீசலில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அலுமினிய பிஸ்டனையும் டர்பைன் சக்கரத்தையும்தான், இரண்டின் நிலையையும் இந்த ஒரு முள் சொல்லிவிடும். டர்போவுக்கு முன்னால் அளந்தால், நீண்ட நேரம் இழுக்கும்போது 700 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள். ஓவர்டேக் செய்கிற சில நொடிக்கு 750 வரை போனால் பயப்பட வேண்டாம். அதற்கு மேல் தொடர்ந்து போனால் பிஸ்டனின் விளிம்பு இளகத் தொடங்கும்.

சென்சார் இருக்க வேண்டிய இடம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், எல்லா சிலிண்டரின் புகையும் ஒன்றுசேர்கிற இடம். டர்போவுக்குப் பின்னால் போட்டால் வேலை சுலபம்தான், ஆனால் டர்பைனில் சக்தியைக் கொடுத்துவிட்டு வருகிற புகை என்பதால் 100 டிகிரிக்கு மேலேயே குறைவாகக் காட்டலாம். அந்தக் குறைவும் லோடுக்கு லோடு மாறும். ஓட்டை போட மேனிஃபோல்டைக் கழற்றிவிடுங்கள். வண்டியிலேயே துளைத்தால் இரும்புத் தூள் நேராக டர்பைன் சக்கரத்தில் போய் விழும். டிரில் முனையில் கிரீஸ் தடவினால் தூள் ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் செய்கிறார்கள். லட்சம் சுற்றுச் சுற்றுகிற சக்கரத்தின் எதிரில் அந்த நம்பிக்கை எனக்கு வருவதில்லை.

மீட்டர் போட்டதும், எதையும் மாற்றாமல், அதே லோடோடு அதே ஏற்றத்தில் போய் எண்களைக் குறித்து வாருங்கள். பிறகு ஒவ்வொரு மாற்றத்தையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

காற்று போகிற வழியைச் சரிசெய்தல்

பல வண்டிகளில் பவர் குறைவுக்குக் காரணம் டர்போவே கிடையாது, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலரின் ஹோஸில் இருக்கும் ஒரு வெடிப்பு. டர்போவின் காற்று உள்ளே வரும் வாயை ஒரு மூடியால் அடைத்து, அதில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, கம்ப்ரஸரிலிருந்து ஒன்றரை பார் காற்றை மெதுவாக ஏற்றுங்கள். சோப்புத் தண்ணீரை எல்லா ஹோஸ், கிளாம்ப், இன்டர்கூலர் மூலைகளிலும் தெளியுங்கள். நுரை பொங்குகிற இடமெல்லாம் கசிவு. எனக்குத் தெரிந்த ஒருவர் புது டர்போ வாங்கக் காசு சேர்த்து வைத்திருந்தார். இந்தச் சோதனையில் ஹோஸின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. ஹோஸை மாற்றியதோடு வண்டி பழையபடி இழுக்க ஆரம்பித்துவிட்டது.

ஏர் ஃபில்டரில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கம்பெனி தரும் காகித ஃபில்டர் தூசியை நன்றாகப் பிடிக்கிறது. காற்று தாராளமாகப் போகட்டும் என்று கண்ணி பெரிதான ஃபில்டரைப் போட்டால், அதில் நுழைகிற மணல் கம்ப்ரஸர் இதழ்களின் முனையை அரித்துவிடும், சிலிண்டர் சுவரையும் தேய்க்கும்.

இன்டர்கூலர் தனியாகப் பேச வேண்டிய விஷயம். காற்றை அமுக்கினால் சூடாகும். வெளியில் 30 டிகிரி இருக்கும்போது காற்றை 2.8 மடங்கு அமுக்கினால் சாதாரண டர்போவிலிருந்து அது ஏறக்குறைய 170 டிகிரி சூட்டில் வெளியே வரும். இன்டர்கூலர் அதை 60-க்குக் கொண்டுவந்தால், அதே அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அதிகக் காற்று சிலிண்டருக்குள் போகிறது. புகைச் சூடும் கூடவே இறங்கும். டர்போவை மாற்றுவதற்கு முன்பே இன்டர்கூலரைப் பெரிதாக்கியதை நினைத்து நான் ஒருநாளும் வருந்தியதில்லை. கனமான ஒன்றை வாங்கி ரேடியேட்டருக்குக் காற்றே போகாமல் அடைத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

டர்போவுக்குப் பின்னால் இருக்கும் குழாயை அகலமாக்குவது நல்லது. ஆனால் புகையின் கரியைப் பிடிக்கிற டி.பி.எஃப்., புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி அனுப்புகிற ஈ.ஜி.ஆர். இரண்டையும் எடுத்துவிடுங்கள் என்று யோசனை சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம், வண்டி சோதனையில் தேறாது, அந்தக் கரியைச் சுவாசிப்பது பின்னால் வருகிறவர்கள். டி.பி.எஃப். வைத்துக்கொண்டே நல்ல இழுவை எடுக்க முடியும். புகை வராமல் ட்யூன் செய்கிற திறமை அதற்கு வேண்டும்.

இந்த இடத்திலேயே நின்றுவிட்டாலும் தவறில்லை. காற்று வழி சரியாகி, கம்பெனி டர்போவோடு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வில் ஒழுங்கான ஒரு ட்யூன் போட்டால் பல எஞ்சின்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை பவர் கூடும். பெரும்பாலானவர்களுக்கு அது போதும். ஆனால் ரேல் அழுத்த சென்சாரின் வயரில் செருகுகிற சின்னப் பெட்டிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அழுத்தம் குறைவாக இருப்பதாக ஈ.சி.யு.வை ஏமாற்றி, பம்பை அளவுக்கு மீறி வேலை வாங்குவதுதான் அவற்றில் பலவும் செய்கிற வேலை. உண்மையான அழுத்தம் எவ்வளவு என்று அப்போது ஈ.சி.யு.வுக்கே தெரியாது.

டர்போ கணக்கு

ஒரு உதாரணத்தைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். 3 லிட்டர் எஞ்சின், 3400 ஆர்.பி.எம்.மில் 220 குதிரைத்திறன் வேண்டும்.

டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் கொடுக்க சுமார் 0.17 கிலோ டீசல் எரிக்கும். 220-ஐ 0.17-ஆல் பெருக்கினால் மணிக்கு 37.4 கிலோ, நிமிடத்துக்கு 0.62 கிலோ. ஒரு கிலோ டீசலுக்கு 20 கிலோ காற்று என்று வைத்தால், நிமிடத்துக்கு 12.5 கிலோ காற்று வேண்டும். டர்போ கம்பெனிகளின் வரைபடங்கள் பெரும்பாலும் பவுண்டில் இருப்பதால் 2.2-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்: 27.5 பவுண்டு.

இந்தக் காற்றை எந்த அழுத்தத்தில் கொடுத்தால் எஞ்சின் விழுங்கும்? நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்று இழுக்கிறது. 3400-ல் பாதி 1700, அதை 3 லிட்டரால் பெருக்கினால் 5100 லிட்டர். சிலிண்டர் முழுக்க நிறைவதில்லை, 90 சதவீதம் என்று கொண்டால் 4.6 கன மீட்டர். 12.5 கிலோ காற்று 4.6 கன மீட்டருக்குள் அடங்க வேண்டுமானால் ஒரு கன மீட்டரில் 2.72 கிலோ இருக்க வேண்டும். 60 டிகிரி சூட்டில், சாதாரண அழுத்தத்தில், ஒரு கன மீட்டர் காற்று 1.06 கிலோதான். 2.72-ஐ 1.06-ஆல் வகுத்தால் சுமார் 2.6. அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 2.6 மடங்கு. அந்தச் சாதாரண அழுத்தத்தை (சுமார் 1 பார்) பூஜ்யமாக வைத்துக் காட்டுகிற மீட்டரில் 1.6 பார் பூஸ்ட், பி.எஸ்.ஐ.யில் 23.

இன்டர்கூலரும் ஹோஸ்களும் 0.1 பாரைத் தின்னும். ஃபில்டரைத் தாண்டி வரும்போதே காற்று கொஞ்சம் அழுத்தம் இழந்திருக்கும். இரண்டையும் சேர்த்தால் டர்போ கொடுக்க வேண்டிய அழுத்த விகிதம், அதாவது உள்ளே வரும் அழுத்தத்தைப் போல வெளியே போகும் அழுத்தம் எத்தனை மடங்கு என்பது, 2.8.

இது மேல் புள்ளி. பலரும் இதோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். என் முதல் டர்போவுக்கு நானும் இந்தப் புள்ளியை மட்டும்தான் பார்த்தேன். லோடு வண்டிக்கு உயிர்நாடி கீழ்ப் புள்ளி. அதே எஞ்சினுக்கு 1800 ஆர்.பி.எம்.மில் 1.4 பார் பூஸ்ட் வேண்டும் என்று வைப்போம். அதே முறையில் போட்டால் நிமிடத்துக்கு 6 கிலோ, அதாவது 13 பவுண்டு காற்று. அழுத்த விகிதம் 2.5. இந்தக் காற்றில் புகையில்லாமல் ஏறத்தாழ 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்கும். ஏற்றத்தில் வண்டியை இழுப்பது இதுதான்.

இனி கம்ப்ரஸர் வரைபடத்தை எடுங்கள். கீழே படுக்கைக் கோட்டில் காற்றின் அளவு, இடப்பக்கம் நிற்கிற கோட்டில் அழுத்த விகிதம். நடுவில் தீவுகள் மாதிரி வளையங்கள், ஒவ்வொன்றும் ஒரு செயல்திறன் சதவீதம். இரண்டு புள்ளிகளையும் பென்சிலால் குறியுங்கள். 27.5, 2.8 என்ற புள்ளி வலது ஓரத்தை ஒட்டாமல், 70 சதவீத வளையத்துக்குள் அல்லது அதன் அருகில் விழ வேண்டும். வலது ஓரத்தில் விழுந்தால் டர்போ சின்னது. அளவுக்கு மீறிச் சுற்றி, காற்றைவிட சூட்டைத்தான் அதிகம் தரும். 13, 2.5 என்ற புள்ளி இடது ஓரத்தில் இருக்கும் சர்ஜ் கோட்டுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போனால் அமுக்கிய காற்று திரும்பி அடிக்கும். லோடில் மிதிக்கும்போது புறா சிறகடிப்பது போலப் படபடவென்று சத்தம் கேட்கும். தொடர்ந்து அப்படி ஓட்டினால் தண்டை முன்பின் நகராமல் பிடிக்கிற த்ரஸ்ட் பேரிங் போய்விடும். இரண்டு புள்ளிகளும் உள்ளே விழுகிற வரைபடம் எதுவோ அதுதான் உங்கள் டர்போ. ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை வந்தால் மேல் புள்ளியை விட்டுக்கொடுங்கள்.

மலையில் ஓட்டுகிறவர்களுக்கு: 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 0.8 பார்தான். டர்போவின் வாயில் அதே 2.7 பாரைக் (காற்றழுத்தம் 1, பூஸ்ட் 1.6, இழப்பு 0.1) கொடுக்க அங்கே அழுத்த விகிதம் 2.8 போதாது, ஃபில்டர் இழப்பையும் சேர்த்து 3.5 வேண்டும். சமவெளியில் வலது ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த டர்போ மலையில் வேக வரம்பைத் தாண்டிவிடும். அதனால்தான் எங்கே ஓட்டுகிறீர்கள் என்று முதலிலேயே எழுதச் சொன்னேன்.

பெயரில் இருக்கும் எண்கள்

புதியவர்கள் ஏமாறுகிற இடம் இது. காரெட் ஜிடி3076ஆர் என்பதில் வரும் 76, கம்ப்ரஸர் சக்கரத்தின் பெரிய விட்டம், மில்லிமீட்டரில். போர்க்வார்னர் எஸ்366 என்பதில் வரும் 66, காற்று நுழைகிற பக்கத்துச் சின்ன விட்டம். 76 பெரிதா 66 பெரிதா என்று நேராக ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் வருவோம். அந்த ஜிடி3076ஆரில் காற்று நுழைகிற பக்கம் 57 மி.மீ.தான், ஆகவே எஸ்366 அதைவிடப் பெரியது. சின்ன விட்டத்தைப் பெரிய விட்டத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, நூறால் பெருக்கினால் வருவது ட்ரிம். 57-ஐ 76.2-ஆல் வகுத்துப் போட்டால் 56. ஒரே அளவுச் சக்கரத்தில் ட்ரிம் கூடினால் காற்றோட்டம் கூடும்.

ஏ/ஆர் என்பது டர்பைன் உறையைப் பற்றியது. நத்தைக்கூடு மாதிரி சுருண்ட அந்த உறையில், குழாயின் குறுக்குப் பரப்பை, மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தால் வகுத்தால் வருகிற எண். குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சுமே, சின்ன ஏ/ஆர் அப்படித்தான். குறைந்த புகையிலேயே சக்கரம் வேகம் எடுக்கும், பூஸ்ட் சீக்கிரம் வரும். ஆனால் மேல் ஆர்.பி.எம்.மில் புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சினுக்குள் எதிரழுத்தம் ஏறும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அழுத்தமும் பூஸ்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் நல்ல பொருத்தம். அது பூஸ்டைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் உறை சின்னது. லோடு வண்டிக்குச் சின்னப் பக்கமே சாய்ந்து தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து.

இந்த இழுபறியை ஓரளவு தீர்ப்பது வி.ஜி.டி. எனப்படும் மாறும் வாய் டர்போ. டர்பைன் சக்கரத்தைச் சுற்றியுள்ள இதழ்கள் கீழ் ஆர்.பி.எம்.மில் குறுகி, மேலே போகப் போக விரியும். கம்பெனியிலிருந்தே வண்டியில் வி.ஜி.டி. இருந்தால் அதைத் தூக்கிவிட்டு, மிஞ்சிய புகையை ஒரு கதவு வழியாகத் திருப்பிவிடுகிற வேஸ்ட்கேட் டர்போ போட அவசரப்படாதீர்கள். அதே வகையில் கொஞ்சம் பெரிய சக்கரம் உள்ளது கிடைத்தால் அதுவே நல்லது. கரி படிந்து இதழ்கள் இறுகுவது இதன் பலவீனம். எப்போதும் மெதுவாகவே ஓடுகிற வண்டியில் அது சீக்கிரம் வரும். அவ்வப்போது நன்றாக லோடில் இழுத்தால் கரி அவ்வளவாகச் சேராது. இதழ்களை அசைக்க மின் ஆக்சுவேட்டர் உள்ளதை மாற்றினால் ஸ்கேனர் வைத்து அளவு பொருத்த வேண்டும். அதைச் செய்யாமல் மாட்டிவிட்டு, டர்போ சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சின்னதும் பெரியதுமாக இரண்டு டர்போவை வரிசையாகப் போடுவதும் உண்டு. அழுத்த விகிதம் 3-ஐத் தாண்டி நன்றாகப் போக வேண்டியவர்களுக்கு அது. முதல் முறை செய்கிறவர்களுக்கு வேண்டாம்.

வாங்கும்போது போலிகளைக் கவனியுங்கள். தண்டும் சக்கரங்களும் பேரிங்கும் சேர்ந்த நடுப்பகுதியான கார்ட்ரிட்ஜை பேலன்ஸ் செய்த சீட்டு கூடவே வர வேண்டும். தண்டை விரலால் முன்பின் தள்ளிப் பாருங்கள், அசைவு தெரியவே கூடாது. பக்கவாட்டில் மிகக் கொஞ்சம் ஆடலாம், ஆயில் படலத்துக்கான இடம் அது. ஆனால் இதழ் உறையைத் தொடக் கூடாது.

டீசல் பக்கமும், அதைத் தாங்க வேண்டியவையும்

காற்று கூடிய பிறகே டீசல். இன்ஜெக்டருக்குப் பெரிய நாசில் போடுவதானால் ஒன்றுக்கொன்று அளவு பொருத்திய செட்டாக வாங்குங்கள். டேங்கிலிருந்து உயர் அழுத்த பம்புக்குப் போகிற ஓட்டமும் போதுமான அளவு இருக்க வேண்டும். பம்பைக் குளிர வைப்பதும் உயவு கொடுப்பதும் அந்த டீசலேதான். ஃபில்டர் அடைத்தோ லிஃப்ட் பம்ப் தளர்ந்தோ வரத்து குறைந்தால், பவர் குறைவதோடு பம்பும் தேய்ந்துபோகும்.

ட்யூன் செய்கிறவரிடம் ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள்: 1600 ஆர்.பி.எம்.முக்குக் கீழே முறுக்குவிசையை அடக்கி வைக்கச் சொல்லுங்கள். அங்கே முழு பூஸ்டும் முழு டீசலும் கொடுத்தால் வண்டி ஓட்ட ஆனந்தமாக இருக்கும், ஆனால் கனெக்டிங் ராட் வளைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். உதாரணமாக எடுத்த 1800 புள்ளி வரைக்கும் மெதுவாக ஏறட்டும்.

கிளட்ச் தாங்குமா என்று அறிய, சமதரையில் மேல் கியரில் 1500-ல் ஓட்டிக்கொண்டு முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் துள்ளினால் கிளட்ச் வழுக்குகிறது. ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டுக்கும் ஒரு மீட்டர் போடுங்கள், டிரெய்லர் இழுக்கிறவர்கள் தனி கூலரே போட்டுவிடலாம்.

ஹெட் போல்ட்டுகளில் பல, ஒருமுறை இழுத்து முறுக்குகிற வகை. கழற்றினால் மறுபடி போடக் கூடாது. பூஸ்ட் 2 பாரைத் தாண்டுவதாக இருந்தால் போல்ட்டுக்குப் பதிலாக அதைவிட வலுவான ஹெட் ஸ்டட் போட்டுக்கொள்வது என் வழக்கம். நம் உதாரணத்தின் 1.6 பாருக்கு, ஹெட் கேஸ்கெட் நல்ல நிலையில் இருந்தால், தேவைப்படாது.

மாட்டும் நாள்

பழைய டர்போ உடைந்து போனதால் மாற்றுகிறீர்கள் என்றால், இன்டர்கூலரைக் கழற்றி உட்புறம் கழுவாமல் புதியதை மாட்டாதீர்கள். உடைந்த இதழின் துகளும் ஆயிலும் அதன் அடியில் தேங்கியிருக்கும். ஒரு முறை கழுவிக் கவிழ்த்தபோது அரிசி அளவில் ஏழெட்டு அலுமினியத் துண்டுகள் பாத்திரத்தில் விழுந்தன. அத்தனையும் எஞ்சினுக்குள் போயிருக்கும்.

ஆயில் வருகிற குழாயைப் புதிதாகவே போடுங்கள். பழைய குழாயின் உள்ளே கருகிய ஆயில் அடைந்திருக்கும், வெளியில் தெரியாது. ஆயில் ஃபிளாஞ்சில் சீலன்ட் பசை தடவாதீர்கள், பிதுங்கி உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். கேஸ்கெட் மட்டும் போதும். ஆயில் திரும்பும் குழாயில் அழுத்தம் கிடையாது, தன் எடையால்தான் வடிய வேண்டும். அதனால் அது அகலமாக, வளைவில்லாமல், கீழ்நோக்கி இறங்கி, எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். நடுவில் ஒரு பள்ளம் விழுந்தாலும் ஆயில் தேங்கி, டர்போவின் சீலைத் தாண்டி நீலப்புகையாக வரும். புது டர்போ ஆயில் அடிக்கிறது என்று புகார் வந்தால் நான் முதலில் இந்தக் குழாயைத்தான் தடவிப் பார்ப்பேன். பால் பேரிங் டர்போ என்றால் ஆயில் வரும் இடத்தில் அதன் கம்பெனி சொல்கிற, ஆயில் ஓட்டத்தைக் குறைக்கிற ரெஸ்ட்ரிக்டரைப் போட மறக்காதீர்கள்.

ஆயிலும் ஆயில் ஃபில்டரும் புதிது. ஸ்டார்ட் செய்வதற்கு முன், டர்போவின் ஆயில் வாயில் சுத்தமான ஆயிலை ஊற்றி, சக்கரத்தை விரலால் சுற்றிவிடுங்கள். பிறகு டீசலை நிறுத்தி வைத்து, ஆயில் விளக்கு அணையும்வரை பத்துப் பத்து நொடியாக செல்ஃப் அடியுங்கள். அதன் பின் ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் ஐடிலிலேயே விடுங்கள். ரேஸ் கொடுக்கிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இந்தச் சில நிமிடத்தில்தான் பேரிங் பிழைப்பதும் போவதும்.

முதல் 100 கிலோமீட்டர் லோடு இல்லாமல், பாதி ஆக்ஸிலரேட்டரில் ஓட்டுங்கள். திரும்பி வந்ததும், எஞ்சின் ஆறிய பிறகு, எல்லா கிளாம்பையும் மேனிஃபோல்டு நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்து, சோப்புத் தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பிறகு ட்யூன் செய்தவரிடம் போய் பூஸ்ட், ரேல் அழுத்தம், காற்று அளவு மூன்றையும் ஓட்டத்திலேயே பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்றம் ஏறி வந்து நிறுத்தும்போது புகைச் சூடு 200 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை ஐடிலில் விட்டு, அப்புறம் சாவியைத் திருப்புங்கள். உடனே நிறுத்தினால் சூடான தண்டின் மேல் தேங்கிய ஆயில் கருகும். ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்கிவிடுங்கள். டி.பி.எஃப். வண்டியானால் சாம்பல் குறைந்த வகை ஆயில்தான் போட வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின், முதல் வாரம் எழுதிய அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, அதே லோடோடு அதே ஏற்றத்துக்குப் போங்கள். கியர், ஆர்.பி.எம்., பூஸ்ட், புகைச் சூடு நான்கையும் பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். 1800-ல் பூஸ்ட் முன்பைவிடக் கூடி, சூடு முன்பைவிடக் குறைந்திருந்தால் பொருத்தம் சரி. சூடு கூடியிருந்தால் லோடு ஏற்ற வேண்டாம். ட்யூனில் டீசலைக் குறைக்கச் சொல்லிவிட்டு, முதலில் கசிவையும், பிறகு டர்பைன் உறையின் ஏ/ஆரையும் பாருங்கள்.